இயல் 3: உள்ளுறுப்பு முதலில், உறை பிறகு

விளையாட்டில் பார்த்த ஒரு பொருளை வீட்டில் செய்ய உட்காருகிறவரின் கை முதலில் போவது அதன் உருவத்துக்குத்தான். 3டி கோப்பை இறக்கி, உறையை அச்சிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, துருவேறியது போல் பெயிண்ட் அடித்து முடித்த பிறகுதான் திரை, விளக்கு, ஒலிபெருக்கி பற்றிய யோசனை வரும். அப்போது பேட்டரி உள்ளே போகாது. போனாலும் மூடி மூடாது. மூடிவிட்டால் சார்ஜ் செய்ய வழியிருக்காது. கடைசியில் இரண்டு எல்இடியும் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டி வேலையை முடித்துக்கொள்ள நேரும். அலமாரியில் வைத்துப் பார்க்க மட்டும் ஒரு பொருள் வேண்டுமென்றால் இந்த வரிசையில் தவறில்லை. மின்னணுப் பாகங்களோடு உண்மையிலேயே இயங்க வேண்டுமென்றால் வரிசையைத் திருப்பிப் போட வேண்டும்: உள்ளுறுப்புகளை முதலில் தேர்ந்து, இயக்கிப் பார்த்து, அளந்து, அந்த அளவுகளுக்கு உறையைச் செய்ய வேண்டும். இந்த இயலின் வாதம் இதுதான். அதைச் சோதித்துப் பார்க்க ஃபால்அவுட் விளையாட்டுகளில் வரும் பிப்பாய் என்ற கைக்கணினியை எடுத்துக்கொள்வோம்.

விளையாட்டுப் பொருளுக்கு உட்புறம் கிடையாது

1997-இல் இன்டர்ப்ளே நிறுவனம் வெளியிட்ட முதல் ஃபால்அவுட்டிலேயே பிப்பாய் உண்டு. இன்று பலர் மனத்தில் இருக்கும் வடிவம், அதாவது இடது முன்கையில் கவசம்போல் மாட்டிக்கொள்ளும் பருத்த கருவி, 2008-இல் பெத்தெஸ்டாவின் ஃபால்அவுட் 3 வழியாகப் பரவியது. 2015-இல் வந்த ஃபால்அவுட் 4 அதன் தோற்றத்தை மாற்றியமைத்தது. 2024-இல் பிரைம் வீடியோவில் வந்த தொடர் அதை விளையாடாதவர்களுக்கும் அறிமுகப்படுத்தியது. பச்சை ஒளியில் எழுத்து மின்னும் ஒற்றை நிறத் திரை, பக்கங்களைப் புரட்டும் குமிழ், கதிர்வீச்சைக் காட்டும் முள், வானொலி, இருட்டில் வழிகாட்டும் வெளிச்சம் ஆகியவை அதன் அடையாளங்கள். கதையில் அது ராப்கோ என்ற கற்பனை நிறுவனத்தின் தயாரிப்பு. ஆனால் விளையாட்டின் கோப்பில் இருப்பது கணினி அல்ல, பல்கோணங்களால் ஆன ஒரு தோல் மட்டுமே. அந்தத் தோலுக்குப் பின்னால் பேட்டரிக்கு இடம் இருக்கிறதா, குமிழின் தண்டு எங்கே முடிகிறது, முன்கை எவ்வளவு தடிமன் என்ற கேள்விகளை வரைந்த கலைஞர் கேட்கத் தேவையே இல்லை. திரைக்கு முன்னால் அது அழகாகத் தெரிந்தால் அவருடைய வேலை முடிந்தது. அந்தத் தோலை அப்படியே அச்சிட்டு வைத்துக்கொண்டு உள்ளே பொருள்களைத் திணிப்பது, யாருமே யோசித்திராத ஓர் இடத்தில் குடியேற முயல்வதுதான்.

கடையில் கிடைக்கும் உறுப்புகளுக்கோ கறாரான அளவுகள் உண்டு. பரவலாகக் கிடைக்கும் 2.8 அங்குலத் திரையைப் பாருங்கள். படம் தெரியும் பகுதி 57.6 × 43.2 மி.மீ. மட்டுமே; அது அமர்ந்திருக்கும் பலகையோ ஏறத்தாழ 86 × 50 மி.மீ. உறையில் நீங்கள் வெட்டும் சாளரம் முந்தைய அளவுக்கு. உறைக்குள் ஒதுக்க வேண்டிய இடம் பிந்தைய அளவுக்கு. நீளவாக்கில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத 28 மி.மீ. கூடுதலாக வேண்டும். 18650 வகை லித்தியம் செல்லின் பெயரே 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம் என்று சொல்லிவிடுகிறது. ஆனால் அதைப் பிடித்துக்கொள்ளும் ஹோல்டரோடு சேர்த்தால் நீளம் 75 மி.மீ.-ஐத் தாண்டும், பாதுகாப்புச் சுற்று ஒட்டிய செல் என்றால் செல்லே சில மி.மீ. நீண்டுவிடும். சுழலும் குமிழுக்கு வாங்கும் ஈசி11 வகை ரோட்டரி என்கோடருக்கு முன்பக்கம் 7 மி.மீ. துளை போதும், பின்பக்கம் அதன் உடலும் கால்களும் வயரும் வளைய இடம் வேண்டும். இந்த எண்களில் ஒன்றையும் உங்களால் குறைக்க முடியாது. உறையின் எண்கள் அத்தனையையும் மாற்றலாம். வளைய முடியாததை முதலில் முடிவு செய்து, வளையக்கூடியதைப் பிறகு வளைப்பதுதான் சிக்கனம்.

அளவு மாறினால் அசல் கெடுமா

இதற்கு முதலில் எழும் மறுப்பு, இப்படிச் செய்தால் அசலின் அளவு கெட்டுவிடும் என்பது. அசல் என்று ஒரே அளவு இருந்தால்தான் இந்த மறுப்புக்கு வலு உண்டு. முதல் நபர் பார்வையில் ஆடும்போது பிப்பாய் முகத்துக்கு நேரே உயர்த்தப்பட்டுத் திரையை நிறைக்கிறது. மூன்றாம் நபர் பார்வையில் அதுவே கையில் ஒரு சிறு பாகமாகத் தெரிகிறது. பாத்திரத்தின் கை உங்கள் கையல்ல. ஒல்லியான கைக்குச் சரியாக அமைந்தது பருத்த கையில் ஏறாது. பார்க்கிறவர் கண் மில்லிமீட்டரை அளப்பதில்லை. திரைக்கும் குமிழுக்கும் உள்ள விகிதம், விளிம்பின் வளைவு, முள்மானியின் இடம் ஆகியவற்றைத்தான் அது அடையாளம் காண்கிறது. 150 மி.மீ. நீளமுள்ள உறையை எல்லாத் திசையிலும் 5 விழுக்காடு பெருக்கினால் 7.5 மி.மீ. கூடும். வெளியே அது தெரியாது. உள்ளே ஒரு கனெக்டருக்கும் வயர்க் கற்றைக்கும் இடம் கிடைத்துவிடும். ஆனால் பெருக்கும்போது துளைகளும் சேர்ந்து பெருகும் என்பதை மறக்கக் கூடாது. 7 மி.மீ. துளை 7.35 ஆகிவிடும். ஆகவே முதலில் முழு உருவத்தைப் பெருக்கி, பிறகு திரைச் சாளரத்தையும் துளைகளையும் கையிலுள்ள உறுப்பின் அளவுக்குத் தனியே வெட்ட வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் நடைமுறைசார்ந்தது: இத்தனை பாடு எதற்கு, பழைய ஸ்மார்ட்போனை உள்ளே செருகினால் திரை, பேட்டரி, ஒலிபெருக்கி மூன்றும் ஒரே அடியில் கிடைத்துவிடுமே. இந்த வழியைப் பெத்தெஸ்டாவே முயன்றது. 2015-இல் ஃபால்அவுட் 4-இன் சிறப்புப் பதிப்போடு போனைச் செருகும் பிப்பாய் ஒன்றை விற்றது. விளையாட்டோடு இணையும் செயலியையும் வெளியிட்டது. ஆர்வலர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். ஆனால் அன்றைய பெரிய திரைப் போன்களே அதில் அடங்கவில்லை. அதற்குப் பின் வந்த போன்கள் இன்னும் நீண்டன. உறையை ஒரு போனின் அளவுக்குக் கட்டினால் அந்தப் போனின் ஆயுள்தான் உங்கள் பொருளின் ஆயுளும். அதைவிடப் பெரிய குறை, அதன் குமிழ்களுக்கும் திரைக்கும் தொடர்பில்லை என்பது. குமிழைத் திருகினால் திரை அசையவில்லை; கண்ணாடியை விரலால் தொட வேண்டியிருந்தது. பிப்பாயின் இன்பமே டக் டக்கென்று குமிழைத் திருகிப் பக்கம் மாற்றுவதில் இருக்கிறது. விரல் தேய்த்ததும் அது மறுபடி போனாகிவிடுகிறது. உயிருள்ளதாக ஒரு பொருளைக் காட்டுவது திரையின் கூர்மையைவிட, கை செய்ததற்கு அது உடனே மறுமொழி சொல்வதுதான். எதை வாங்குவது என்று தீர்மானிக்கவும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

மூளையைத் தேர்ந்தெடுத்தல்

இந்த அளவுகோலை மூளைப் பலகையைத் தேர்ந்தெடுப்பதில் பொருத்திப் பாருங்கள். ராஸ்பெர்ரி பை ஸீரோ 2 டபிள்யூ வெறும் 65 × 30 மி.மீ. அளவில் ஒரு முழுக் கணினி. படம், இசை, நிரல் எழுதும் வசதி எல்லாம் அதில் எளிது. ஆனால் ஸ்விட்சைப் போட்டதும் அது இயங்குதளத்தை ஏற்றிக் கண்விழிக்கக் காத்திருக்க வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது சட்டென்று மின்சாரத்தைத் துண்டித்தால் எஸ்டி கார்டிலுள்ள கோப்புகள் சிதைய வாய்ப்புண்டு. கையில் கட்டியிருக்கும் பொருளை யாரும் முறைப்படி மூடிவிட்டு அணைக்கமாட்டார்கள், ஸ்விட்சைத் தட்டுவார்கள். மறுகோடியில் ஆர்டுயினோ ஊனோ இருக்கிறது. அது நொடியில் எழும். ஆனால் அதன் நினைவகம் 2 கிலோபைட் மட்டுமே, அதன் 5 வோல்ட் சிக்னலும் 3.3 வோல்ட் திரைக்கு நேரடியாக ஒவ்வாது. இரண்டுக்கும் நடுவே ஈஎஸ்பி32 பொருந்துகிறது. இரண்டு கருக்கள், 240 மெகாஹெர்ட்ஸ் வரை வேகம், 520 கிலோபைட் நினைவகம், திரைக்கு ஒத்த 3.3 வோல்ட். ஸ்விட்சைப் போட்ட ஏறத்தாழ ஒரு நொடியில் அது வேலைக்கு வந்துவிடும்.

இந்த நினைவகம் போதுமா என்று ஐயம் எழும். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 320 × 240 திரையில் 76,800 புள்ளிகள். புள்ளிக்கு 2 பைட் என்றால் ஒரு முழுப் படத்துக்கு 1,53,600 பைட். பிப்பாய்க்கு வேண்டியது பச்சையின் சாயல்கள் மட்டுமே. ஆகவே புள்ளிக்கு 1 பைட் வைத்து 76,800 பைட்டில் படத்தை நினைவகத்தில் வரைந்து, திரைக்கு அனுப்பும்போது மட்டும் 2 பைட்டாக விரிக்கலாம். அனுப்பும் வேகத்தையும் பார்ப்போம். ஒரு படம் என்பது 12,28,800 பிட். பலகையையும் திரையையும் இணைக்கும் எஸ்பிஐ வழி 40 மெகாஹெர்ட்ஸில் ஓடினால் நொடிக்கு அதிகபட்சம் 32 படங்கள் போகும். பட்டியலும் முள்ளும் காட்டும் திரைக்கு இது தாராளம். விளையாட்டே ஒற்றை நிறத்தையும் பட்டியல் வடிவத்தையும் தேர்ந்துகொண்டதால் மலிவான பலகையே போதுமானதாகிவிடுகிறது. 480 × 320 திரைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் புள்ளிகள் இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும், பலகையும் பெரிதாகும். 4:3 என்ற பழைய தொலைக்காட்சி விகிதம் 320 × 240-இல் தானாகவே வந்துவிடுவது கூடுதல் ஆதாயம்.

ஒலிக்கு டிஎஃப்பிளேயர் மினி என்ற, ஏறத்தாழ 20 மி.மீ. சதுரப் பலகை போதும். மைக்ரோ எஸ்டி கார்டிலுள்ள எம்பி3 கோப்புகளை அதுவே வாசித்து, சிறு ஒலிபெருக்கியை நேரடியாக இயக்கும். மூளைப் பலகையிலிருந்து அதன் ஆர்எக்ஸ் காலுக்குப் போகும் வயரில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்தால் பின்னணி இரைச்சல் குறையும். கதிர்வீச்சு முள்ளைப் பொறுத்தவரை, உண்மையான கைகர் குழாயையே வைக்கலாமே என்ற ஆசை எழும். எஸ்பிஎம்-20 போன்ற குழாய்க்கு ஏறத்தாழ 400 வோல்ட் தேவை. வியர்க்கும் மணிக்கட்டில், வீட்டில் ஒட்டிய உறைக்குள், அந்த மின்னழுத்தத்தைச் சுமப்பது வேண்டாத ஆபத்து. குழாயே 10 செ.மீ.-க்கு மேல் நீளம் என்பதால் இடமும் போய்விடும். பதிலாக 500 மைக்ரோஆம்பியர் முள்மானி ஒன்றை வாங்குங்கள். ஈஎஸ்பி32-இன் 25 அல்லது 26-ஆம் கால் 0 முதல் 3.3 வோல்ட் வரை ஏற்றி இறக்கித் தரவல்லது. நடுவே 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்தால் முள் கிட்டத்தட்ட முழு அளவுவரை ஆடும். குமிழைக் குறிப்பிட்ட பக்கத்துக்குத் திருப்பும்போது முள் எழுந்து, கிளிக் ஒலியும் வேகமெடுக்கும்படி நிரல் எழுதலாம். இது ஏமாற்று என்று தோன்றினால், விளையாட்டுக்குள்ளும் அந்த முள் கதிர்வீச்சை அளக்கவில்லை, நிரல் சொன்ன எண்ணையே காட்டியது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

மின்சாரக் கணக்கு

உறையின் வடிவத்தில் மற்ற எதையும்விட அதிகம் தலையிடுவது பேட்டரி. வைஃபையை அணைத்து வைத்த ஈஎஸ்பி32-க்கு ஏறத்தாழ 50, திரையின் பின்விளக்குக்கு 80, ஒலிக்குச் சராசரியாக 100, முள்மானி விளக்குக்கும் இதர எல்இடிகளுக்கும் 20 என்று வைத்தால் 250 மில்லிஆம்பியர். கொஞ்சம் மிச்சம் வைத்து 300 என்று கொள்வோம். 5 வோல்ட்டில் அது 1.5 வாட். 2600 மில்லிஆம்பியர்-மணி செல் ஒன்று 3.7 வோல்ட்டில் 9.6 வாட்-மணி தரும். மின்னழுத்தத்தை 5-க்கு உயர்த்தும் பலகையில் 15 விழுக்காடு வீணானால் மிஞ்சுவது 8.2. அதாவது ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். மாலையில் நண்பர்களுக்குக் காட்ட இது போதும். 2024 முதல் சென்னையிலும் நடக்கும் காமிக் கானுக்குக் காலையிலேயே மாட்டிக்கொண்டு போனால் மாலைவரை தாங்காது. அப்படியானால் மாற்று செல் வேண்டும். மாற்றுவதற்குத் திறக்கும் கதவு வேண்டும். அந்தக் கதவு, பிப்பாயைக் கையிலிருந்து கழற்றாமலே எட்டும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு வகுத்தல் கணக்கு உறையில் ஒரு கதவைத் திறந்துவிட்டது. பெயிண்ட் அடித்த பிறகு இந்தக் கணக்கைப் போட்டால் ரம்பத்தைத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

பவர் பேங்க் பாதுகாப்பானது அல்லவா என்று கேட்கலாம். ஆம், லித்தியத்தோடு பழக்கமில்லாதவர் அதைத் தேர்வதே நல்லது. சார்ஜ் கட்டுப்பாடு, பாதுகாப்பு, 5 வோல்ட் மூன்றும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் மிகக் குறைந்த மின்னோட்டம் இழுத்தால் பல பவர் பேங்க்குகள் யாரும் பயன்படுத்தவில்லை என்று நினைத்துத் தாமாகவே அணைந்துவிடும். அவற்றின் தட்டையான உடலும் வளைந்த முன்கையோடு ஒட்டாது. ஆகவே திரையை மங்கலாக்கி அரை மணி நேரம் மேசைமேல் ஓடவிட்டு, அணைகிறதா என்று பார்த்த பிறகே அதை உறுதி செய்யுங்கள். தனி செல்லைத் தேர்ந்தால் பாதுகாப்புச் சுற்று உள்ள டிபி4056 சார்ஜ் பலகையும், நல்ல ஹோல்டரும் கட்டாயம். செல்லின்மேல் நேரடியாகச் சால்டர் வைக்கவே கூடாது. சூடு உள்ளிருக்கும் அடுக்குகளைக் கெடுக்கும். கையில் மாட்டியிருக்கும்போது சார்ஜ் செய்வதும் கூடாது.

மேசைமேல் முழு இயக்கம்

உறுப்புகளைச் சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளிலோ இணையத்திலோ வாங்கியதும், எல்லாவற்றையும் பிரெட்போர்டில் இணைத்து முழுப் பிப்பாயையும் மேசைமேல் இயக்குங்கள். உறைக்குள் போன பிறகு பிழை தேடுவது பல மடங்கு கடினம் என்பது மட்டும் காரணமல்ல. சில பிழைகள் உறுப்புகள் அனைத்தும் ஒன்றாக ஓடும்போதுதான் தலைகாட்டும். ஒலிபெருக்கி உரக்க ஒலிக்கும் நொடியில் மின்னழுத்தம் சரிந்து ஈஎஸ்பி32 மறுபடி முதலிலிருந்து தொடங்கும். தனித்தனியே சோதித்தால் இது தெரியவே தெரியாது. 5 வோல்ட் வழியில் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று பெரும்பாலும் இதைத் தீர்க்கும். அந்தக் கெப்பாசிட்டருக்கும் உறைக்குள் இடம் வேண்டும் என்பதைக் கவனியுங்கள். ஈஎஸ்பி32-இன் 34 முதல் 39 வரையிலான கால்கள் உள்ளீட்டுக்கு மட்டுமே. அவற்றில் உள்ளமைந்த புல்-அப் ரெசிஸ்டர் கிடையாது. குமிழை அங்கே இணைத்தால் வெளியே ரெசிஸ்டர் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் பக்கங்கள் பேய் பிடித்தாற்போல் தாமாகப் புரளும். குமிழின் உலோகத் தொடுப்புகள் ஒவ்வொரு திருகலிலும் சற்றே துள்ளும்; இரு சிக்னல் வயர்களிலும் 0.1 மைக்ரோஃபாரட் வைத்து, நிரலிலும் வடிகட்டினால்தான் ஒரு டக்குக்கு ஒரு பக்கம் என்ற ஒழுங்கு வரும். முழு சார்ஜிலிருந்து பேட்டரி தீரும்வரை ஒருமுறை ஓடவிட்டு, கணக்கில் வந்த நேரத்தோடு ஒப்பிடுங்கள். மிகவும் குறைந்தால் எங்கோ மின்சாரம் வீணாகிறது, மல்டிமீட்டரை எடுங்கள்.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு: உறையே இல்லாமல் உறுப்புகளைத் தேர்ந்தால் மேசை நிறைய வயர்தான் மிஞ்சும், கையில் ஏறாத ராட்சசப் பெட்டி ஒன்று உருவாகும். உண்மைதான். உள்ளுறுப்பு முதலில் என்பது வெளிவரம்பே இல்லை என்றாகாது. வாங்குவதற்கு முன் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: மணிக்கட்டின் சுற்றளவு, முழங்கைக்குக் கீழே முன்கையின் சுற்றளவு, மடக்கும்போது இடிக்காமல் கை தாங்கும் நீளம். மேசைச் சோதனை முடிந்ததும் காலணிப் பெட்டி அட்டையில் ஒரு மாதிரி செய்து, உண்மையான உறுப்புகளை அதில் டேப்பால் ஒட்டிக் கையில் மாட்டி நடந்து பாருங்கள். செல் மணிக்கட்டுப் பக்கம் இருந்தால் கை சீக்கிரம் சோரும். முழங்கைப் பக்கம் நகர்த்தினால் அதே எடை இலேசாகத் தோன்றும். திரை மேலே, செல் முன்கையின் உட்புறம் என்று பிரித்தால் தடிமன் ஒரே இடத்தில் குவியாது. முதலில் உருவத்தைப் பார்த்தால்தான் உற்சாகம் பிறக்கும் என்பவர்களுக்கும் இந்த அட்டை மாதிரி பதில் சொல்கிறது. உருவமும் இயக்கமும் ஒரே மாலையில் கையில் வந்துவிடும். பிழை கண்டால் கத்தரிக்கோல் போதும்.

உறைக்கு வருதல்

இவ்வளவும் முடிந்தபின் உறைக்கான முடிவுகளில் யோசிக்க அதிகம் மிச்சமிராது. பிஎல்ஏ பிளாஸ்டிக் அச்சிட எளிது. ஆனால் 60 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகிவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் வளையும். பிஇடிஜி இன்னும் சுமார் 20 டிகிரி தாங்கும் என்பதால் நம் கோடைக்கு அதுவே ஏற்றது. வெயில் காரில் பேட்டரியோடு எதையும் விட்டுவைக்கக் கூடாது என்பது தனி விதி. சுவர் 2.5 முதல் 3 மி.மீ. இருக்கட்டும், உறுப்புக்கும் சுவருக்கும் இடையே எல்லாப் பக்கமும் குறைந்தது அரை மி.மீ. விடுங்கள். இரு பாதிகளைப் பசையால் ஒட்டாமல், சூடேற்றிப் பதிக்கும் எம்3 பித்தளை மரைகளில் ஸ்க்ரூ போட்டு மூடுங்கள். திரை, குமிழ், ஒலிபெருக்கி, செல் ஒவ்வொன்றின் வயரும் கழற்றக்கூடிய கனெக்டரில் முடியட்டும். சார்ஜ் துளை, ஸ்விட்ச், நிரலேற்றும் யுஎஸ்பி மூன்றும் உறையைத் திறக்காமலே எட்டும்படி அமைய வேண்டும். மேசையில் எல்லாம் சரியாக ஓடியது, இனி எதற்குத் திறக்கப்போகிறோம் என்று இவற்றை விட்டுவிடத் தோன்றும். ஆனால் லித்தியம் செல் தேயும், குமிழ் தளரும், நிரலில் புதிதாக ஏதாவது சேர்க்க ஆசை வரும். திறக்க முடியாத உறை, உள்ளே எது முதலில் பழுதாகிறதோ அத்தோடு முடிந்துவிடும்.

ஆகவே பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன் மூன்று சோதனைகள் வையுங்கள். ஒரு ஸ்க்ரூடிரைவரால் முழு உறையையும் பிரித்து மறுபடி பூட்ட முடிகிறதா? ஒரு கையாலேயே செல்லை மாற்ற முடிகிறதா? கையில் மாட்டியபடி நடக்கும்போதும் குமிழின் ஒவ்வொரு டக்குக்கும் திரை தவறாமல் மறுமொழி சொல்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் இனி செய்வதெல்லாம் அலங்காரம், அதை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம். ஒன்றுக்கு இல்லை என்றாலும் பழைய அட்டை மாதிரிக்குத் திரும்புங்கள். அந்தக் கட்டத்தில் இழப்பது ஒரு மறு அச்சுக்கான பிளாஸ்டிக் மட்டுமே.